இதயம் தேறிவிட்டது, ஆளால் ஏன் எழ முடியவில்லை?

கேள்வியின் சுருக்கம் இது: அப்பாவுக்கு 68 வயது. பெரிய மாரடைப்பு, அதன்பின் பைபாஸ். நடுவில் நுரையீரல் தொற்று வந்து, வென்டிலேட்டரும் ஐசியுவுமாக மூன்று வாரம் போய்விட்டது. இதய மருத்துவர் ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்கிறார். ஆனால் கட்டிலைவிட்டு எழவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. சில வாரம் உள்நோயாளியாகவே மறுவாழ்வுப் பிரிவில் வைத்திருக்கலாம் என்று சொல்கிறார்கள். வீட்டுக்கு அழைத்துப் போய் நாங்களே நன்றாகப் பார்த்துக்கொண்டால் போதாதா? அவர் மறுபடி தன் காரியங்களைத் தானே செய்துகொள்வாரா?

மாரடைப்பும் இதய அறுவை சிகிச்சையும் தாண்டி வந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் என் வேலை, நான் பிசியோதெரபிஸ்ட். இந்த நிலையில் உள்ளவரைச் சேர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பயமே அதுதான். தண்ணீர் கேட்பதற்குள் வாயருகே தம்ளர் வந்துவிடும். எழ முயன்றால் ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கிவிடுவீர்கள். அவர் கால் ஒரு வேலையும் செய்யாது. வேலை செய்யாத கால் தேறாது.

இவ்வளவு பெரிய ஆபத்தைத் தாண்டிய மனிதர் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் இருப்பதற்கு இதயம்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் தொடைத் தசை. 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் ஒரு சோதனை நடந்தது. இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். உடல் உழைப்புக்கான அவர்களின் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட வயது ஏறியதால் வந்த இழப்பைவிட, இருபது வயதில் மூன்று வாரம் படுத்ததால் வந்த இழப்பு பெரிதாக இருந்தது. வயதானவர்களுக்கு இன்னும் மோசம். நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. உங்கள் அப்பா படுத்திருந்தது மூன்று வாரம், அதுவும் காய்ச்சல், தொற்று, மயக்க மருந்து எல்லாவற்றோடும். ஐசியுவில் நீண்ட நாள் இருப்பவர்களுக்கு நரம்பும் தசையும் தனியாகவே பலவீனப்படும். ஆகவே அவர் எழ முடியாமல் இருப்பது சோம்பலும் இல்லை, இதயம் மறுபடி கெட்டுவிட்டது என்பதற்கு அறிகுறியும் இல்லை. பயிற்சியால் பெரும்பாலும் திரும்பப் பெறக்கூடிய இழப்பு அது.

மருத்துவமே இந்த விஷயத்தில் நீண்ட காலம் தப்பான பக்கம் நின்றது. ஒருகாலத்தில் மாரடைப்பு வந்தவரை நான்கு முதல் ஆறு வாரம் அசையாமல் படுக்க வைப்பார்கள். திரும்பிப் படுக்கவும் சாப்பிடவும்கூட நர்ஸ்தான் உதவ வேண்டும். 1952-ல் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், நோயாளிகளைச் சில நாட்களிலேயே சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதினார்கள். வெறும் உட்கார்தல்தான். அதற்கே கடும் எதிர்ப்பு வந்தது. இன்று சிக்கல் இல்லாத மாரடைப்பு நோயாளி மறுநாளே வராந்தாவில் நடக்கிறார். ஆனால் குடும்பங்களின் மனதில் பழைய மருத்துவம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: இதய நோயாளி என்றால் அசையக் கூடாது.

சரி, அந்தப் பிரிவில் அப்படி என்னதான் செய்வார்கள்? ட்ரெட்மில், சைக்கிள் என்று உங்கள் மனதில் படம் ஓடலாம். முதல் வாரத்தில் அதெல்லாம் இருக்காது. நாற்காலிதான் இருக்கும்.

ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பலவீனமானவர் சாய்ந்த நிலையிலிருந்து அப்படியே மேலே எழப் பார்ப்பார். கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துத் தள்ளுவார். மூச்சைப் பிடித்துக்கொள்வார். முகம் சிவக்கும், பாதி எழுந்து பொத்தென்று விழுவார். இதில் மூன்று தப்பு இருக்கிறது. மூச்சைப் பிடித்து முக்கினால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும். கைகளை ஊன்றித் தள்ளினால், ஆபரேஷனுக்காக அறுத்துக் கம்பியால் சேர்த்த மார்பெலும்பு இழுபடும். உடலின் எடை பின்னாலேயே நிற்பதால் தொடைக்குத் தூக்கிவிட வழியே இருக்காது. நாங்கள் சொல்லித் தருவது இப்படி: இடுப்பை நகர்த்தி இருக்கையின் முன் விளிம்புக்கு வாருங்கள். பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். கைகள் நெஞ்சின் குறுக்கே, அல்லது தொடைமேல். மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் சாயுங்கள். வாயால் மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். அப்படியும் முடியாதவருக்கு இருக்கைமேல் கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டுவோம். உயரமான இருக்கையிலிருந்து சுலபமாக எழ வந்ததும் மெத்தையை எடுத்துவிடுவோம். அப்புறம் இன்னும் தாழ்வான இருக்கை, கடைசியில் கழிப்பறை இருக்கையின் உயரம். முன்னேற்றத்தை நான் முதலில் அளப்பது இந்த உயரத்தை வைத்துத்தான், நடந்த தூரத்தை வைத்து இல்லை. தனியாகக் கழிப்பறை போய்வர முடிந்த நாளில் நோயாளியின் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

இதே பயிற்சியை வீட்டிலும் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் மறுவாழ்வுப் பிரிவில் பக்கத்தில் இருக்கும் கண்கள் வேறு. நீண்ட நாள் படுத்தவர் எழுந்து நின்றதும் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் தலை சுற்றும், சிலர் சாய்ந்துவிடுவார்கள். அந்தச் சமயத்தில் பிபி பார்த்து, மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றச் சொல்ல மருத்துவர் கூடவே இருக்கிறார். நடக்கும்போது ஈசிஜியை தூரத்திலிருந்தே பார்க்கும் வசதி பல பிரிவுகளில் உண்டு. நடக்க நடக்க ரத்த அழுத்தம் ஏறாமல் இறங்குகிறதா, நெஞ்சுவலி வருகிறதா, ஆக்சிஜன் குறைகிறதா என்று பார்த்து அந்த இடத்திலேயே நிறுத்துவார்கள். வீட்டில் நீங்கள் இரண்டில் ஒன்றுதான் செய்வீர்கள்: பயந்து ஒன்றும் செய்ய விடமாட்டீர்கள், அல்லது உற்சாகத்தில் அளவு மீறிச் செய்ய வைப்பீர்கள்.

அளவு என்றதும் ஒன்று. நாடித்துடிப்பை மட்டும் வைத்துப் பயிற்சியின் கடுமையைக் கணிக்காதீர்கள். உங்கள் அப்பா அநேகமாக பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுவார். அது துடிப்பு ஏறாமல் பிடித்துவைக்கும். எண் 80 காட்டும், ஆள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அதனால் நாங்கள் அவரையே கேட்போம். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் என்ற உளவியலாளர் உருவாக்கிய அளவுகோல் ஒன்று உண்டு, 6-லிருந்து 20 வரை. ஒரு சிரமமும் இல்லை என்றால் 6, இனி ஒரு அடிகூட முடியாது என்றால் 20. ஆரம்பத்தில் 11 முதல் 13-க்குள் வைத்துக்கொள்வோம். எண் சொல்ல அலுத்துக்கொள்பவர்களுக்கு எளிய வழி, நடந்துகொண்டே பேசச் சொல்வது. முழு வாக்கியமாகப் பேச வந்தால் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மார்பெலும்பைப் பற்றி: அது நன்றாகச் சேர 8 முதல் 12 வாரம் ஆகும். எவ்வளவு எடை தூக்கலாம் என்பதில் ஒவ்வொரு அறுவை மருத்துவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்வார், உங்கள் மருத்துவர் சொன்னதையே பின்பற்றுங்கள். ஆனால் அதற்காகக் கையையே அசைக்காமல் வைத்திருப்பது தேவையில்லாத பயம். பலமான ஓர் இருமல், சின்ன எடையைத் தூக்குவதைவிட அந்த எலும்பை அதிகம் இழுக்கிறது. அதனால்தான் இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்கிறோம். இப்போது பல இடங்களில் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு கையைத் தாராளமாகப் பயன்படுத்தச் சொல்லித் தருகிறார்கள். தோளே இறுகிப்போய் வருபவர்களைப் பார்க்கையில் அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. படுக்கையிலிருந்து எழும்போது மட்டும் நேராக எழாமல், முழு உடம்போடு ஒருக்களித்துப் புரண்டு, காலைக் கீழே விட்டு எழ வேண்டும்.

இந்தப் பிரிவில் குடும்பங்கள் அதிகம் மதிக்காத ஆள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். உடை உடுத்துவதையும் குளிப்பதையும் சொல்லித்தர ஒரு ஆளா என்று கேட்பார்கள். குளிப்பதில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். நிற்க வேண்டும். கையைத் தலைக்குமேல் தூக்கித் தேய்க்க வேண்டும். கையைத் தூக்கிச் செய்யும் வேலைக்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். குனிந்து பாதத்தைத் தேய்க்க வேண்டும். இதயத்தின் பம்பிங் திறன் குறைந்தவர்களுக்குக் குனிந்தாலே மூச்சு முட்டும். வெந்நீர் ரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தை இறக்கும், தரையோ வழுக்கும். இத்தனையும் முடித்துத் துவட்டும்போதுதான் பலர் ஓய்ந்துபோய் உட்கார்கிறார்கள். இதற்கு மருந்து கிடையாது, வழிமுறைதான் உண்டு. உட்கார்ந்து குளிப்பது, மிதமான சூட்டில் தண்ணீர், முதுகுக்கும் காலுக்கும் நீளக் கைப்பிடி வைத்த பிரஷ், குளித்ததும் பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது. பாதி ஈரம் தானே போய்விடும். சாப்பிட்ட உடனே குளிக்காமல் ஒரு மணி நேரம் விடுவது. அற்பமாகத் தெரியும், ஆனால் தினமும் ஒருவர் குளிப்பாட்ட வேண்டிய நிலைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு தானே குளிக்கும் நிலைக்கும் இடையே இருப்பது இந்த அற்பங்கள்தான்.

பம்பிங் எண்ணைப் பற்றி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதைப் பற்றி, ஒரு வார்த்தை. ஒவ்வொரு குடும்பமும் அந்த சதவீதத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறது. எக்கோவில் 35 வந்தால் துக்கம், 45 வந்தால் கொண்டாட்டம். மருந்து முடிவுகளுக்கு அந்த எண் முக்கியம். ஆனால் ஒருவர் எவ்வளவு தூரம் நடப்பார் என்பதை அது சரியாகச் சொல்வதில்லை. 30 சதவீதத்தோடு மாடிப்படி ஏறுபவர்களும் உண்டு, 55 வைத்துக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்காதவர்களும் உண்டு. மறுவாழ்வுப் பிரிவில் வேறு எண்களைக் கேளுங்கள்: ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார், நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆனது.

இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா? 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. இதயச் செயலிழப்பு (உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியாத நிலை) முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்த, 60 வயதைத் தாண்டிய 349 பேர். ஒரு பாதிக்கு ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்து வெளியிலும் தொடர்ந்து பலம், சமநிலை, நடமாட்டம், தாக்குப்பிடிக்கும் திறன் என நான்கிலும் பயிற்சி தந்தார்கள். மூன்று மாதத்தில் 12-க்கு அளக்கும் உடல் இயக்க மதிப்பெண்ணில் அவர்கள் சராசரி 8.3, மற்றவர்கள் 6.9. அந்த அளவுகோலில் அது பெரிய வித்தியாசம். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வது மட்டும் குறிப்பிடும்படி குறையவில்லை. அதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சி செய்தால் மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கமே போக வேண்டாம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

எல்லோருக்கும் தங்கிச் செய்யும் மறுவாழ்வு தேவையில்லை. ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள் தானே நடப்பவர் வீட்டுக்குப் போய், வாரத்தில் சில நாள் வந்து பயிற்சி செய்தால் போதும். அடிப்படைக் காரியங்களுக்கே ஆள் துணை வேண்டியவர், ஐசியுவில் நீண்ட நாள் இருந்தவர், கூடவே பக்கவாதமோ சிறுநீரகக் கோளாறோ சேர்ந்தவர், தனியாக வசிப்பவர் ஆகியோருக்கே இது. இடத்துக்கு இடம் விதி மாறும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட பிரிவில் சேர, நாளுக்கு மூன்று மணி நேரம், வாரம் ஐந்து நாள் சிகிச்சையைத் தாங்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். ஜெர்மனியில் பைபாஸ் ஆனவர்கள் சுமார் மூன்று வாரம் தங்கிச் செய்வது சாதாரண நடைமுறை. மறுபக்கம், இன்னும் படுத்திருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், நுரையீரலில் நீர் வற்றாதவர், துடிப்பு ஒழுங்கு கட்டுக்குள் வராதவர், காய்ச்சல் இருப்பவர் ஆகியோருக்கு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பயிற்சி அப்புறம்.

உடலில் கருவி வைத்தவர்களுக்குச் சில தனி விதிகள். பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சி தந்து சரிசெய்யும் கருவியோ புதிதாக வைத்திருந்தால் அந்தப் பக்கக் கையைச் சில வாரம் தோளுக்குமேல் தூக்கக் கூடாது. அதிர்ச்சிக் கருவி எந்தத் துடிப்பில் வேலை செய்யும் என்பது பயிற்சி தருபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதயத்துக்கு உதவும் பம்ப் பொருத்தியவருக்குப் பல நேரம் நாடியே கைக்குத் தட்டுப்படாது, பேட்டரி மாற்றுவதும் அவர் கற்க வேண்டிய பாடம். இதய மாற்று செய்தவருக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் துடிப்பு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், அதனால் ஆரம்ப வார்ம்அப் நீளமாக வேண்டும்.

இனி யாரும் கேட்காத பகுதி, மனம். ஐசியுவில் அப்பா சம்பந்தமில்லாமல் பேசினாரா, சுவரில் ஏதோ தெரிகிறது என்றாரா? அது மூளைக் குழப்பம், அங்கே மிகச் சாதாரணம், பெரும்பாலும் தெளிந்துவிடும். கண்ணாடி, காது மெஷின், கண்ணில் படும் கடிகாரம், பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு ஆகியவை உதவும். அதைவிட நீடிப்பது மனச்சோர்வு. மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவு வருகிறது. பயிற்சிக்கு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுப்பவரை வீட்டார் பிடிவாதக்காரர் என்பார்கள். பல சமயம் அது பிடிவாதம் இல்லை. குழுவில் மனநல ஆலோசகர் இருந்தால் முதல் வாரத்திலேயே பேச வையுங்கள். இன்னொன்று பயம்: படபடப்பு வந்ததும் மறுபடி மாரடைப்பு என்று நடுங்குவது. மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு வாங்கி, அது தானாக அடங்குவதையும் பார்த்துவிட்டால் இந்தப் பயம் குறைகிறது, அறிவுரையால் அவ்வளவாகக் குறைவதில்லை. தாம்பத்திய உறவு பற்றியும் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு மாடி சிரமமின்றி ஏற முடிந்தால் பெரும்பாலோருக்குத் தடை இல்லை.

உங்கள் பங்கு என்ன? பயிற்சி நேரத்தில் போய் உட்காருங்கள், கையைக் கட்டிக்கொண்டு. தெரபிஸ்ட் ஏன் உடனே தூக்கவில்லை, எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று கவனியுங்கள். அவருக்குச் சட்டை போட இருபது நிமிடம் ஆகும், நீங்கள் போட்டால் இரண்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடத்தைப் பொறுப்பதுதான் குடும்பம் செய்யும் பெரிய உதவி.

வீட்டை இப்போதே அளந்துவையுங்கள். எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், கட்டில் எவ்வளவு உயரம், கழிப்பறை இருக்கை எவ்வளவு உயரம், குளியலறை வாசல் எவ்வளவு அகலம். போனில் படம் எடுத்து அந்தக் குழுவிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டில் ஏழு படி என்றால் அவர் ஏழு படி ஏறிப் பழகித்தான் டிஸ்சார்ஜ் ஆக வேண்டும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இரண்டாவது வேளையை மதியமே கொடுக்கலாமா என்று கேளுங்கள். இரவில் அவசரமாகக் கழிப்பறைக்கு எழும்போதுதான் பலர் விழுகிறார்கள். இதயச் செயலிழப்பும் இருந்தால் தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடுவதற்கு முன் எடை பார்க்க அவரையே பழக்குங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். எண்ணை எழுதிவைப்பவர் அவராகவே இருக்கட்டும். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று மாதமாவது வெளிநோயாளியாகப் பயிற்சி தொடர வேண்டும், இல்லையென்றால் சேர்த்த பலம் கரைந்துவிடும்.

பழையபடி ஆவாரா என்பதற்கு: தானே எழுவது, கழிப்பறை, குளியல், உடை, வீட்டுக்குள் நடமாட்டம் ஆகியவை, ஆபரேஷனுக்கு முன் நன்றாக இருந்தவருக்கு, பெரும்பாலும் திரும்பி வருகின்றன. தூரமாக நடப்பதும் படியேறுவதும் மாதக்கணக்கில் மெல்லத் தேறும். சிலருக்கு வெளியே போகக் கைத்தடி நிலைத்துவிடும். அதை ஒரு தோல்வியாக நான் எண்ணுவதில்லை, தடியோடு தானே கடைக்குப் போகிறாரே.

சேர்ப்பதற்கு முன் அந்தப் பிரிவில் நாளுக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி, நடக்கும்போது ஈசிஜி பார்ப்பார்களா, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறாரா, ராத்திரியில் மருத்துவர் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்கும் அன்று அவருடைய கண்ணாடி, வழுக்காத, பின்பக்கம் மூடிய ஷூ, வீட்டில் போடும் சட்டைகளைக் கொண்டுபோங்கள். முன்னால் பித்தான் வைத்த சட்டையாக இருக்கட்டும். தலைவழியே மாட்டும் பனியன் மார்பெலும்பு சேரும்வரை வேண்டாம். தவிர, பித்தான் போடுவதே விரல்களுக்கு முதல் பயிற்சி.